கடைமடைக்கும் கீழே

"தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது?"

ஜூன் மாத நடுவில் திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையில் எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி காதில் விழும். வழக்கமான ஆண்டு என்றால் ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்திருப்பார்கள். மதகில் நுரைத்துப் பாயும் தண்ணீரில் மலர் தூவும் படம் மறுநாள் பத்திரிகையில் வந்திருக்கும். டீக்கடையில் அந்தப் படத்தை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. மேட்டூர்த் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். அங்கிருந்து வெண்ணாறு, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பு, அதில் பிரிகிற கோரையாறு, அதன் கிளை வாய்க்கால், அதற்கும் ஒரு கிளை, கடைசியில் வயலுக்குள் நுழைகிற கன்னி வாய்க்கால். என் தாய்மாமாவின் ஒன்பது மா (சுமார் மூன்று ஏக்கர்) நிலம் அப்படியொரு கன்னியின் கடைசி மடையில் இருக்கிறது. அங்கே தண்ணீர் வந்து சேரப் பத்து நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். குறுவைக்கு வராமலே போன ஆண்டுகளும் உண்டு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கப்படவே இல்லை.

மடை என்றால் வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் போகும் வாய். முதல் மடை தலைமடை, கடைசி மடை கடைமடை. இந்த இரண்டு சொற்களுக்குள் டெல்டாவின் பாதிச் சரித்திரம் அடங்கிவிடும். மண் ஒன்று, நெல் ரகம் ஒன்று, தீர்வை ஒன்று. மடை மட்டும் வேறு. பெண் கொடுக்கும்போது நிலம் எத்தனை மா என்று கேட்பதற்கு முன்னால் எந்த மடை என்று கேட்க வேண்டும் என்பாள் என் பாட்டி. அவள் தலைமடையில் பிறந்து கடைமடைக்கு வாழ்க்கைப்பட்டவள். ஆகவே அது பொதுவாகச் சொன்ன அறிவுரையா, சொந்தக் குறையா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், இடத்தைக் காட்டுவதுதான் வழக்கம். ஆனால் இடத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. மேலே இருப்பவர் செய்வதெல்லாம் கீழே இருப்பவரைத் தொடும். கீழே இருப்பவர் என்ன செய்தாலும் அது மேலே ஏறாது. கடையில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒருவர் தயவு மற்றவருக்கு வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை போட்டால் இருவர் தூக்கமும் கெடும். ஆற்றில் அப்படிப்பட்ட சமநிலை எதுவும் கிடையாது. தலைமடைக்காரர் மடையை அகலத் திறந்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். விழித்திருக்க வேண்டியவர் கடைமடைக்காரர்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வாய்க்காலில் வினாடிக்குப் பத்துக் கன அடி தண்ணீர் வருகிறது. பத்து மடை. ஆளுக்கு ஒரு கன அடி. முதல் ஒன்பது பேரும் தங்கள் பங்கில் பத்தில் ஒரு பகுதியை மட்டும் கூடுதலாக எடுக்கிறார்கள் என்று வையுங்கள். மடையில் வைத்த மண்ணை ஒரு கை அளவு ஒதுக்கினால் போதும், அவ்வளவுதான் அது. யாரும் அதைத் திருட்டு என்று சொல்லமாட்டார்கள். ஒன்பது பேரும் ஆளுக்கு 1.1 எடுத்தால் 9.9 போய்விடுகிறது. பத்தாவது ஆளுக்கு மிஞ்சுவது 0.1. மற்றவர்கள் பத்தில் ஒரு பகுதிதான் அதிகமாக எடுத்தார்கள். இவருக்கோ பத்தில் ஒரு பகுதிதான் கிடைத்தது. கடைமடைக்காரர் யாரையாவது குற்றம் சாட்டலாம் என்று வரப்பில் நடந்து போனால், ஒவ்வொருவர் வயலிலும் கெண்டைக்கால் அளவுக்குக்கூடத் தண்ணீர் நிற்காது. குற்றவாளி என்று கைகாட்ட ஒருவரும் கிடைக்கமாட்டார்.

அதனால்தான் பழைய பாசன ஏற்பாடுகளில் மடை திறப்பதை நிலக்காரர்கள் கையில் விட்டுவைக்கவில்லை. ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்றொருவர் இருந்தார். தண்ணீர் முறை வைத்து விடுவது அவர் பொறுப்பு. கூலி, அறுவடையில் நெல்லாக. பல ஊர்களில் அவர் நிலமற்றவராக, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவராக இருந்தார். தனக்கென ஒரு மடை இல்லாததுதான் அவருடைய தகுதி. சாதி இழிவும் நடுநிலையும் ஒரே மனிதரிடம் வந்து சேர்ந்தது நம் சமூகத்தின் விசித்திரங்களில் ஒன்று. அந்த ஏற்பாடு பெரும்பாலும் போய்விட்டது. ஆற்றுப் பாசனத்தில் ரெகுலேட்டர்களில் ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர்கள் இருக்கிறார்கள். கன்னி வாய்க்கால்வரை அவர்கள் வருவதில்லை.

இதெல்லாம் ஜூன் மாதத்துக் கதை. நவம்பரில் கதை தலைகீழாகும்.

டெல்டாவுக்கு முக்கிய மழை வடகிழக்குப் பருவமழைதான், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. சம்பா நடவு முடிந்து பயிர் தூர் கட்டும் நேரத்தில் இந்த மழை கொட்டும். அப்போது தலைமடைக்காரருக்குத் தண்ணீர் வேண்டாம். மடையை அடைத்துவிட்டு வரப்பை வெட்டி வடிகாலைத் திறந்துவிடுவார். வழியிலுள்ள எல்லா வயல்களும் அப்படியே செய்யும். டெல்டாவில் பல ஆறுகள் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கின்றன. மேலே உள்ள நிலத்துக்கு வடிகாலாக இருக்கும் ஆறே கீழே உள்ள நிலத்துக்குப் பாசன ஆறு. ஆகவே மேலே வேண்டாமென்று தள்ளிய தண்ணீர் மொத்தமும் கீழே வந்து சேர்கிறது. இங்கே நிலமோ கடல் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. கடல் ஏற்றத்தில் இருந்தால் வடிகால் தண்ணீரை உள்வாங்காது. ஜூனில் ஒரு சொட்டுக்கு ஏங்கிய அதே ஒன்பது மா, நவம்பரில் ஒரு வாரம் முழுகிக் கிடந்து பயிர் அழுகும். பற்றாக்குறையில் மற்றவர்கள் எடுத்தது போக மிச்சம். வெள்ளத்தில் மற்றவர்கள் வேண்டாமென்றது எல்லாம். கடைமடை என்பதற்கு இதைவிடத் துல்லியமான வரையறை எனக்குத் தெரியாது.

இதை அப்படியே பெரிதாக்கினால் காவிரிச் சிக்கல் வந்துவிடும்.

குடகில் தலைக்காவிரியில் பிறந்து பூம்புகாரில் கடல் சேரும்வரை காவிரியின் நீளம் ஏறக்குறைய 800 கிலோமீட்டர். குடகு மலைக்கும் வயநாட்டுக்கும் மழை தருவது தென்மேற்குப் பருவக்காற்று, ஜூன் முதல் செப்டம்பர்வரை. டெல்டாவுக்கு மழை அக்டோபருக்குப் பிறகுதான். குறுவை நாற்று விடும் ஜூனில் டெல்டாவின் வானம் வெறுமையாக இருக்கும். மழை 500 கிலோமீட்டர் தள்ளி வேறொருவர் தலையில் பெய்துகொண்டிருக்கும். அந்த மழையைத் தேக்க கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகர் 49.45, ஹேமாவதி 37.1, கபினி 19.52, ஹாரங்கி 8.5, ஆக மொத்தம் ஏறக்குறைய 114.6 டிஎம்சி கொள்ளளவு இருக்கிறது. கீழே மேட்டூர் 93.47 டிஎம்சி. டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் ஓடினால் ஒரு டிஎம்சி. செய்தியில் ஆயிரம் கன அடி, ஐயாயிரம் கன அடி என்று படிக்கும்போது இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் எது பெரிய செய்தி, எது வெறும் சத்தம் என்று நாமே எடைபோட்டுக்கொள்ளலாம்.

2023 செப்டம்பரை எடுத்துக்கொள்வோம். மழை குறைந்த ஆண்டு. பதினைந்து நாட்களுக்கு வினாடிக்கு 5,000 கன அடி விடவேண்டும் என்று காவிரி மேலாண்மை ஆணையம் கர்நாடகத்துக்கு உத்தரவிட்டது. அதற்காக செப்டம்பர் 26 அன்று பெங்களூரில் கடையடைப்பு, 29 அன்று மாநிலம் முழுக்கக் கடையடைப்பு. கணக்குப் போட்டால் அந்தத் தண்ணீர் ஆறரை டிஎம்சிக்கும் சற்றுக் குறைவு. வழக்கமான ஆண்டில் செப்டம்பர் மாதத்துக்கு மட்டும் கர்நாடகம் தரவேண்டியது 36.76 டிஎம்சி. இங்கே குறுவை கருகிக்கொண்டிருந்தது. அங்கே மண்டியா விவசாயி, தன் அணையில் இருக்கும் கொஞ்சத் தண்ணீரையும் கொண்டுபோகிறார்களே என்று சாலையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் வயிற்றெரிச்சல் உண்மையானதுதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஒருவர் கையில் மதகு இருக்கிறது.

காவிரியில் கர்நாடகம் ஆண்டுக்குத் தரவேண்டிய மொத்த அளவு எவ்வளவு என்பதைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். 1991-இல் நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு 205 டிஎம்சி, 2007 இறுதித் தீர்ப்பு 192, 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் தந்தது 177.25. ஆனால் கீழே இருப்பவருக்கு அளவைவிட மாதம் முக்கியம். அதனால்தான் தீர்ப்பில் ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனி அளவு குறிக்கப்பட்டிருக்கிறது: ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95 என்று. இல்லாவிட்டால், அணைகளெல்லாம் நிரம்பி வழிந்த பிறகு, இனி வைத்திருக்க இடமில்லை என்ற நிலையில் பத்து நாளில் மொத்தத்தையும் திறந்துவிட்டு, கணக்கை நேர் செய்துவிட்டோம் என்று சொல்லிவிடலாம். எங்கள் வாய்க்காலில் நவம்பரில் வரப்பை வெட்டிவிடுகிற தலைமடைக்காரர் செய்வதும் அதுதானே?

2018 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஜூலை 23 அன்று மேட்டூர் 120 அடியைத் தொட்டது. ஆகஸ்டில் காவிரி கரைபுரண்டது. 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டத் தொடங்கிய முக்கொம்பு மேலணையின் கொள்ளிடக் கதவணையில் ஒன்பது மதகுகள் ஆகஸ்ட் 22 இரவு அடித்துச் செல்லப்பட்டன. வெள்ளம் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அதே நாட்களில், கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று சாலை மறியல் நடந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. ஆறு நிறைய வெள்ளம் ஓடுவது வேறு, வாய்க்காலில் தண்ணீர் ஏறுவது வேறு. வாய்க்கால் தூர்வாரப்பட்டிருக்க வேண்டும், ஷட்டர் வேலை செய்ய வேண்டும், ஆற்றின் தரைமட்டம் வாய்க்கால் தலைப்புக்குக் கீழே போய்விடாமல் இருக்க வேண்டும்.

அந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். ஆற்றில் மணல் அள்ளினால் படுகை தாழ்கிறது. வாய்க்காலின் தலைமதகு கட்டியபோது ஆற்றின் தரை எந்த உயரத்தில் இருந்ததோ அந்தக் கணக்கில்தான் மதகின் அடிமட்டம் வைக்கப்பட்டது. படுகை நாலடி தாழ்ந்தால், மதகு நாலடி உயரத்தில் தொங்குவதற்குச் சமம். முன்பு மூன்றடித் தண்ணீரில் வாய்க்காலுக்குள் புகுந்த ஆறு, இப்போது ஏழடி ஓடினால்தான் எட்டிப் பார்க்கும். இதற்குக் கர்நாடகத்தைக் குறை சொல்ல வழியில்லை. மணல் லாரி நம்முடையது.

வண்டல் கதையும் உண்டு. எந்த அணையும் தண்ணீரை மட்டும் தேக்குவதில்லை. தண்ணீர் சுமந்துவரும் மண்ணையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. 1934-இல் மேட்டூர் வந்த பிறகு டெல்டாவுக்குப் பாசனம் உறுதியானது. அதற்கான விலையை, ஆண்டுதோறும் வயலில் படிந்த புதுவண்டல் குறைந்ததன் மூலம் நிலம் கொடுத்தது. டெல்டா என்பதே ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்தான். வரத்து குறைந்தால் கடல் தன் பங்கைக் கேட்கத் தொடங்கும். கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறும்.

உப்பு என்றதும் 2018 தீர்ப்பில் எனக்கு ஒட்டாத இடம் ஒன்று நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டுக்குள் கிடைக்கும் நீரையும் சேர்த்து நம் மொத்தப் பங்கு 419 டிஎம்சியிலிருந்து 404.25 ஆகக் குறைந்ததற்கு ஒரு காரணம், டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது, அதில் பத்து டிஎம்சியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்பது. மற்றொன்று பெங்களூரின் குடிநீர்த் தேவைக்காகக் கூட்டப்பட்ட 4.75. குடிநீருக்கு முன்னுரிமை என்பதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் நிலத்தடி நீர்? டெல்டாவில் இருப்பது உண்மைதான். கும்பகோணம், பாபநாசம் பக்கம் குழாய் இறக்கினால் நல்ல தண்ணீர். மாமா வயலில் இறக்கினால் உப்பு. நிலத்தடி நீரும் தலைமடையில்தான் இனிக்கிறது. டெல்டா முழுவதையும் ஒரே பாத்திரமாக நினைத்துச் சராசரி போடும்போது, ஆற்றுத் தண்ணீரைத் தவிர வேறு கதியில்லாத நிலம்தான் அந்தச் சராசரியில் காணாமல் போகிறது. குழாய் உள்ளவர் குறுவையும் போடுவார், வாழையும் போடுவார். இல்லாதவர் சம்பாவுக்கு மழையை நம்பி நேரடி விதைப்பு விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஆற்றின் மேல்பகுதியில் இருப்பவர் எப்போதும் வலியவர் என்பது சரித்திரத்தில் உண்மையில்லை. காவிரியில் முதலில் விவசாயம் பெருகியது கீழேதான். சமவெளி, வண்டல், வெட்டினால் போதும் வாய்க்கால் ஓடும். கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணை ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு மரபு. மேலே மைசூர்ப் பீடபூமியில் பாறை, பள்ளத்தாக்கு. பெரிய அணை கட்டப் பணமும் தொழில்நுட்பமும் வந்த பிறகுதான் அங்கே பாசனம் விரிந்தது. அப்படி விரிய முற்பட்டபோது கீழே இருந்தவர் சென்னை மாகாணம், அதாவது வெள்ளைக்காரர். 1892 ஒப்பந்தப்படி, சென்னை மாகாணத்தின் சம்மதம் இல்லாமல் மைசூர் புதிய பாசன அணை கட்டக்கூடாது. கண்ணம்பாடியில் (இன்றைய கிருஷ்ணராஜ சாகர்) 41.5 டிஎம்சி அணை கட்டக் கேட்ட மைசூருக்குச் சென்னை கொடுத்த அனுமதி 11 டிஎம்சி. தலைமைப் பொறியாளர் விசுவேசுவரய்யா காலத்து மைசூரோ, 11-க்கு அனுமதி வாங்கிக்கொண்டு 41.5-க்கான அகலத்தில் அடித்தளம் போட்டது. மேலே இருப்பவரின் குறும்புக்கு இதைவிட அழகான உதாரணம் கிடையாது. ரசிக்காமல் இருக்க முடியவில்லை. வழக்கு, நடுவர் தீர்ப்பு, மேல்முறையீடு எல்லாம் நடந்து 1924-இல் ஒரு ஒப்பந்தம் வந்தது. அதன் பயனாக மேலே கிருஷ்ணராஜ சாகரும் கீழே மேட்டூரும் எழுந்தன.

சிற்றரசும் பேரரசும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் சமநிலை எங்கே இருந்தது என்று கர்நாடகம் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. ஐம்பது ஆண்டு கழிந்து 1974-இல் அது காலாவதியாகிவிட்டது என்றது கர்நாடகம். சில பிரிவுகளை மறுஆய்வு செய்யத்தான் அந்த ஐம்பது ஆண்டு என்றது தமிழ்நாடு. பேரரசு போனபின், நிலத்தின் சரிவு தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. நடுவர் மன்றம் அமைக்க 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

என் எல்லைக்குள் பெய்த மழை என்னுடையது, கீழே இருப்பவருக்கு நான் கடன்பட்டவன் இல்லை என்று எழுத்தில் வாதிட்டவர் அமெரிக்காவின் தலைமை வழக்கறிஞர் ஹார்மன், 1895-இல், ரியோ கிராண்டே ஆற்றில் மெக்சிகோவுக்கு எதிராக. நேர் எதிர்ப்பக்கம், ஆறு காலங்காலமாக எப்படி வந்ததோ அப்படியே குறையாமல் வரவேண்டும் என்பது கீழ்நாட்டவர் வாதம். நைல் ஆற்றில் எகிப்து ஏறக்குறைய அதைத்தான் சொன்னது. 2011-இல் எத்தியோப்பியா பெரிய அணை கட்டத் தொடங்கியபோது அந்த வாதம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரிந்துவிட்டது. இரண்டும் முரட்டு வாதங்கள். நடுவே, படுகையிலுள்ள எல்லோருக்கும் நியாயமான பங்கு என்பதை 1966-இன் ஹெல்சிங்கி விதிகள் வகுத்தன. காவிரியில் நடுவர் மன்றமும் உச்ச நீதிமன்றமும் போன வழி அதுதான். எந்த மாநிலமும் ஆற்றுக்குச் சொந்தம் கொண்டாட முடியாது என்று 2018 தீர்ப்பு தெளிவாகச் சொன்னது.

தமிழ்நாட்டைக் கடைமடை மாநிலம் என்று மேடையில் சொல்லாத கட்சி கிடையாது. பாதி உண்மை. காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு ஏழு டிஎம்சி உண்டு. அது காரைக்காலுக்குப் போகும் தண்ணீர். அதைக் கொடுக்கவேண்டியவர்கள் நாம். காரைக்கால் விவசாயியைப் பொறுத்தவரை மதகு நம் கையில் இருக்கிறது. பவானி நீலகிரியில் பிறந்து கேரளத்தின் அட்டப்பாடிக்குள் போய்த் திரும்பி வருகிறது. அந்த ஒரே ஆற்றில் கேரளத்துக்கு நாம் மேலேயும் இருக்கிறோம், கீழேயும் இருக்கிறோம். கபினி வயநாட்டிலிருந்து இறங்குவதால் கர்நாடகமும் ஒருவருக்குக் கீழே இருப்பதுதான்.

நொய்யலைப் பார்த்தால் வெட்கம் வரும். அது தொடக்கம் முதல் முடிவுவரை தமிழ்நாட்டுக்குள் ஓடும் ஆறு. திருப்பூருக்குக் கீழே, சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் பாசனத்துக்காக ஓர் அணை கட்டினார்கள். சாயக்கழிவு வந்து அதில் தேங்கியது. அணை நிரம்பினால் மகிழ்ச்சி அடைவதுதான் விவசாயிகளின் வழக்கம். இங்கே கீழே இருந்த விவசாயிகள் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கெஞ்சினார்கள். நிலமும் கிணறும் கெட்டபின் வழக்கு நடந்தது; 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் பிறகு திறந்தன. அதே தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் தொழில்நுட்பம் வானத்திலிருந்து விழவில்லை. கீழே இருப்பவரின் நட்டம் மேலே இருப்பவரின் செலவுக் கணக்கில் ஏறிய பிறகுதான் அது பட்டறைக்கு வந்தது.

ஆற்றில் மேலும் கீழும் முக்கியமாவது இந்த இடத்தில்தான். சரிவு தானாகத் திரும்பாது. கீழே இருப்பவரின் வலியை மேலே ஏற்ற ஏதாவது ஒரு கருவி வேண்டும்: ஒப்பந்தம், நீதிமன்றம், நீர்க்கட்டி, அல்லது மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் வைத்திருப்பதுபோல் ஓடும் தண்ணீரை நாள்தோறும் அளந்து எழுதி வைக்கும் ஒரு நிலையம். அளவுகோலைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எவ்வளவு வந்தது என்பதில் சண்டை வராமல் இருந்தால்தான் எவ்வளவு வரவேண்டும் என்று பேசவாவது முடியும்.

கடலில் கலக்கும் தண்ணீர் வீண் என்ற பேச்சும் இங்கே உண்டு. அதைப் பேசுகிறவர்கள் கடைமடைதான் ஆற்றின் கடைசி என்று நினைக்கிறார்கள். நடுவர் மன்றம் 740 டிஎம்சியைப் பங்கிட்டபோது சுற்றுச்சூழலுக்குப் பத்தும், தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு நான்கும் ஒதுக்கியது. மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. பாமணியும் கோரையாறும் போய் விழும் முத்துப்பேட்டைக் காயலில் அலையாத்திக் காடு இருக்கிறது. உப்பும் நன்னீரும் கலக்கும் அந்தத் தண்ணீரில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன. அங்கே வலை போடுகிறவர்களுக்கும் மேலேயிருந்து எப்போது, எவ்வளவு, எப்படிப்பட்ட தண்ணீர் வருகிறது என்பது முக்கியம். எந்தத் தீர்ப்பிலும் அவர்கள் பெயரில் ஒரு மாதக் கணக்கு கிடையாது.

போன கார்த்திகையில் ஊருக்குப் போயிருந்தேன். மாமா இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து அடித்து முடித்திருந்தார். அந்த ஆண்டு தண்ணீர் எத்தனை நாள் தாமதமாக வந்தது, தலைப்பில் யார் யார் எப்படி மறித்தார்கள் என்று பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே வரப்பில் நடந்தார். நானும் ஒத்துப் பாடிக்கொண்டு போனேன். வடிகால் ஓரத்தில் உட்கார்ந்து தெளிப்பானைக் கழற்றி, டப்பாவில் ஒட்டியிருந்த மருந்தை இரண்டு மூன்று முறை அலசி ஊற்றினார். தண்ணீரில் பால்போல் ஒரு கோடு நீண்டு, மெதுவாகத் தெற்கே போனது. நூறடி தள்ளி இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, தண்ணீர் எப்படி வருகிறது?" என்று அவர் மாமாவைப் பார்த்துக் கேட்டார்.